எல்லோரும் வழிவிட்ட வண்டி

பழைய கார் சந்தை முக்கில் நின்றது. நின்றது நின்றதுதான். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேலே தூக்கினார்.

"நான் ஒண்ணும் பண்ணல மாஸ்டர்."

"தெரியும். அதுக்கு வயசாயிடுச்சு."

தனக்கும்தான் என்று மாஸ்டர் சொல்லவில்லை. இறங்கிப் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தார். நான்கு பக்கமும் ஹாரன்கள் அலறின. ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி மாஸ்டரின் பரம்பரையை விசாரித்தான். சந்தை முக்கில் அது நலம் விசாரிப்பதில் சேர்த்தி.

பட்டறைக்காரர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"இது கியர் பாக்ஸ் இல்ல மாஸ்டர். கிலுகிலுப்பை."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"பண்ணலாமே. அடக்கம் பண்ணலாம்."

மாஸ்டரின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்பது ஒரு மேசை, சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு படம், ஒரு கார். முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க முடியாது. வெளி மாணவர்கள் கொஞ்ச நாள் காத்திருப்பார்கள். பொறுக்காதவர்கள் வேறு பள்ளிக்குப் போவார்கள். வீட்டில் இருந்த மாணவியால் இரண்டும் முடியாது.

அவர் மாஸ்டரின் மனைவிக்கு அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நீராவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை மடிப்பார். கைகள் முழங்கைவரை வெந்து சிவந்திருக்கும். சலவை வேனை ஓட்டும் கிழவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். லைசன்ஸோடு வந்தால் வேன் உனக்குத்தான் என்று மேற்பார்வையாளர் அக்காவிடம் சொல்லியிருந்தார். வேனோடு ஆஸ்பத்திரி வளாகத்தில் ஓர் அறையும் உண்டு. வராவிட்டால் வெளியாள் ஒருவன் தயார். அவன் ஏற்கெனவே வந்து வேனின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

அக்கா தேர்வில் முன்பே தோற்றவர். ஒரு முறை அல்ல. மாதக் கடைசியில் இன்னொரு தேர்வு இருந்தது. அதைவிட்டால் வேன் இல்லை.

அறை என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீடே இரண்டு அறைதான். அக்கா கூடத்தில் படுப்பார். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய அவருடைய புருஷன் திரும்பி வரவில்லை. "இன்னும் கடையிலதான் நிக்கிறான் போல. கூட்டம் ஜாஸ்தி" என்பார் அக்கா. அன்றிலிருந்து இங்கேதான். மூவரும் நல்லவர்கள். அதனால் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. நல்லவர்களாகவே இருந்து இருந்து மூவரும் களைத்துப் போயிருந்தார்கள்.

போலீஸ் இலாகா பழைய கார்களை ஏலம் விடுகிறது என்று பட்டறைக்காரர்தான் தகவல் கொண்டுவந்தார்.

"அவனுங்க நேரத்துக்கு ஆயில் மாத்துவானுங்க மாஸ்டர். அரசாங்கத்து ஆயில் ஆச்சே. எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்."

"போலீஸ் வண்டியில கத்துக்க யாரு வருவா?"

"பெயின்ட் அடிச்சுட்டா எல்லாம் வெறும் கார்தான்."

ஏல முற்றத்தில் கார்கள் வரிசையாக நின்றன. கூரை விளக்குகளைக் கழற்றியிருந்தார்கள். மொட்டை போட்டவர்கள் மாதிரி இருந்தன. மாஸ்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பின் இருக்கையையும் பார்த்துவிடுவோம் என்று ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பிறகு திறக்க முடியவில்லை. உள்பக்கம் கைப்பிடியே இல்லை. கண்ணாடியைத் தட்டினார். யாரும் வரவில்லை. தட்டுவதை விட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டார். அன்று காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது.

ஏலக் குமாஸ்தா வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

"வாங்க வர்றவங்க எல்லாரும் ஒரு தடவை இப்படி மாட்டிக்குவாங்க சார். கவலைப்படாதீங்க, கேஸ் எல்லாம் போட மாட்டோம்."

வீட்டு வாசலில் காரைப் பார்த்ததும் மாஸ்டரின் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்கம்மாவைப் பார்க்கக் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். நேரமில்ல, நேரமில்லன்னீங்க. இப்ப மாமியார் வீட்டுக்குன்னே ஓடின வண்டியை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க."

அக்கா பின் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "நல்லா கழுவியிருக்காங்க. ஆனா விரிப்பு போட்டா இன்னும் நல்லா இருக்கும்," என்றார். அவருக்கு எதைப் பார்த்தாலும் விரிப்பு நினைவு.

மாஸ்டர் காரை வெள்ளையாக்கினார். கூரை ஓட்டைகளை ரப்பர் மூடி வைத்து அடைத்தார். தன் பக்கம் இரண்டாவது பிரேக்கைப் பொருத்தினார். பின் கதவுகளுக்குக் கைப்பிடி போட்டார். முன்னால் இருந்த இரும்புக் கம்பி பம்பரையும், ஓட்டுநர் பக்கத் தூணில் இருந்த தேடு விளக்கையும் அப்படியே விட்டுவிட்டார். கழற்றினால் இன்னும் நாலு ஓட்டை அடைக்க வேண்டும். அவருக்குத் தெம்பில்லை. வெயில் சாய்ந்து அடிக்கும்போது புதுப் பெயின்டுக்கு அடியில் பழைய எழுத்துகள் மேடாகத் தெரிந்தன. எப்போதும் வெயில் சாய்ந்தா அடிக்கப்போகிறது என்று இருந்துவிட்டார்.

அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரே ஒரு சிக்கல். கிளட்ச், கியர், கண்ணாடி பார்ப்பது, வளைவில் திருப்புவது எல்லாம் வரும். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் எல்லாம் போய்விடும். கண்ணை மூடுவார். காலை எடுப்பார். சில சமயம் இறங்கியே விடுவார். மாஸ்டருக்குக் காரணம் தெரியும். காணாமல் போன அந்தப் புருஷன் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிப்பவன். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். மறுபடி அடிப்பதற்குள் அக்கா ஓடிப்போய் கேட்டைத் திறக்க வேண்டும். திறக்கத் தாமதமானால் அன்றைக்கு வீடு வீடாக இருக்காது. அதைப் பற்றி மாஸ்டரிடம் அக்கா ஒரு நாளும் பேசியதில்லை. மனைவி ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

வெள்ளைக் காரில் முதல் நாள் அக்கா சந்தை முக்குவரை ஓட்டினார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. ஸ்டியரிங்மேல் இருந்த அக்காவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் இறுக்கம் இல்லாமல் இருந்தன.

"முக்குல போகட்டுமா தம்பி?"

"வழி இருந்தா போங்க."

வழி இருந்தது. இடது பக்கமிருந்து வந்த வேன் நின்றது. வலது பக்கமிருந்து வந்த லாரியும் நின்றது. அக்கா தேர் மாதிரி நடுவில் போய்த் திரும்பினார்.

அன்று மாலை அடுப்பங்கரை வாசலில் நின்று தங்கையிடம் சொன்னார். "இன்னைக்குச் சந்தை முக்கைத் தாண்டினேன்டி."

"நீயா?"

"நான்தான். உன் புருஷன் சும்மா உட்கார்ந்திருந்தார்."

அடுத்தடுத்த நாள்களில் பாலத்தைத் தாண்டினார். ஆஸ்பத்திரிக்கே ஓட்டிப்போய் இறங்கினார். சலவைக்கூடத்து ஜன்னலிலிருந்து மற்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வெளியாள் அன்று வரவில்லையே என்று அக்காவுக்கு வருத்தம்.

மற்ற மாணவர்களும் இப்படியே. ஓட்டத் தெரியாமல் திணறியவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் நிதானத்துக்கு வந்தார்கள். மாஸ்டருக்கு ஒரு எண்ணம் வந்தது. இத்தனை வருஷம் பாடுபட்டது இப்போதுதான் பழுத்திருக்கிறது. கொஞ்ச நாளாகக் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொடுக்கிறோம். பொறுமை என்பது பெரிய விஷயம். மனைவியிடமும் சொன்னார்.

"உங்களுக்குக் கத்தத் தெம்பில்ல. அதுக்குப் பேரு பொறுமையா?" என்றாள் அவள்.

முடிதிருத்துபவருக்குத் தேர்வு அக்காவுக்கு முன்னால் வந்தது. தேர்வு நடப்பது அலுவலகத்துக்குச் சொந்தமான சின்னக் காரில். தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்காருவார். மாஸ்டர்கள் எல்லாம் வாசலில் நிற்க வேண்டும். முடிதிருத்துபவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். இறங்கியபோது வேறு ஆள் மாதிரி இருந்தார்.

அதிகாரி மாஸ்டரை அழைத்தார்.

"உங்க ஆளுங்க எல்லாம் ராஜா மாதிரி வர்றாங்களே, எங்க பிடிச்சீங்க?"

"என்ன சார் ஆச்சு?"

"சந்தை முக்குல நேரா விட்டார். நான் பிரேக் போடலைன்னா ரெண்டு பேரும் லாரிக்கு அடியில பேசிட்டு இருப்போம். நேத்து உங்ககிட்டேருந்து ஒரு டீச்சரம்மா வந்தாங்க. அவங்க போகவே இல்ல. எல்லாரும் நிக்கட்டும்னு காத்துட்டு இருந்தாங்க. எப்ப நிப்பாங்க? பொங்கி எழுந்து ஒரு புரட்சி வந்தாத்தான் நிப்பாங்க."

மாஸ்டர் முடிதிருத்துபவரைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"ஏன் பார்க்காம விட்டீங்க?"

"பார்த்தேன் மாஸ்டர். லாரி வந்துச்சு. நிப்பான்னு நினைச்சேன்."

"அவன் எதுக்கு நிப்பான்?"

முடிதிருத்துபவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "நம்ம வண்டிக்கு நிக்கிறானே மாஸ்டர்."

மாஸ்டர் கார் சாவியை எடுத்தார். அவரை வீட்டில் இறக்கிவிட்டு, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு சந்தை முக்குக்குப் போனார். இந்த முறை சாலையைப் பார்த்தார். முன்னால் போன கார்க்காரன் கண்ணாடியில் பார்த்தான். காதில் இருந்த போன் மடியில் விழுந்தது. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். ஒரு சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார், சைக்கிள் ஓட்டுவது குற்றமோ என்னவோ என்று. லாரி நின்றது. வேன் நின்றது. ஒரு ஹாரன் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஊர்வலம் மாதிரி இடைவெளி விட்டு வந்தார்கள். ஊரே ஒழுங்காக இருந்தது. இத்தனை வருஷத்தில் மாஸ்டர் பார்க்காத ஒழுங்கு.

முக்கைச் சுற்றி மறுபடி வந்தார். மறுபடியும் நின்றார்கள். ஓரமாக நிறுத்திவிட்டு நெற்றியை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பட்டறைக்காரர் அந்த இரும்பு பம்பரையும் விளக்கையும் வெட்டி எடுத்தார். காரின் நான்கு பக்கமும் பயிற்சிப் பள்ளி என்று பெரிதாகச் சிவப்பில் எழுதினார். அந்த மாதிரிக் கார் போலீஸைத் தவிர அந்த ஊரில் யாரிடமும் இல்லை என்பதை மட்டும் அவரால் வெட்டி எடுக்க முடியவில்லை. சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டரில் இருந்தவன் பின்னால் இருந்தவனிடம் சொன்னது மாஸ்டர் காதில் விழுந்தது.

"பார்த்தியா, டிரைவிங் ஸ்கூல் மாதிரி வேஷம் போட்டு வந்திருக்கானுங்க. ஹெல்மெட்டை மாட்டுடா."

"அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது," என்றாள் மனைவி.

அக்கா கூடத்தில் தன் படுக்கையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. மாஸ்டர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து சொன்னார். சொல்ல அதிகம் இல்லை. அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் ஓட்டல."

"ஓட்டினது நீங்கதான் அக்கா. ஊருதான் ஊரா இல்ல."

"பாலத்துல?"

"பாலத்துலயும்."

"ஆஸ்பத்திரி வரைக்கும் போனேனே தம்பி. எல்லாரும் பார்த்தாங்களே."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியே போலி என்று தெரிந்தது.

பட்டறைக்காரரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. யாரும் மதிக்காத வண்டி. மாஸ்டர் அதை இரவல் வாங்கி அக்காவை ஓட்டச் சொன்னார். முதல் திருப்பம் நன்றாகப் போனது. இரண்டாவது திருப்பத்தில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அக்கா வண்டியை நடுச்சாலையில் விட்டுவிட்டு இறங்கி நடந்தார். மூடிய ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்தார். பிக்கப்பில் இரண்டாவது பிரேக் இல்லை. சின்னச் சரிவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாஸ்டர் நினைக்க விரும்பவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து அவரும் படியில் உட்கார்ந்தார்.

"சத்தம் கேட்டா காலு தானா எழுந்து ஓடப் பார்க்குது தம்பி," என்றார் அக்கா. "கேட்டைத் திறக்க."

அதுதான் முதல் முறை. மாஸ்டர் தலையாட்டினார்.

"அந்த வெளியாளுக்கே போகட்டும் வேன்," என்றார் அக்கா. "எனக்கு மடிக்கத் தெரியும். மடிச்சுட்டே இருக்கேன்."

பிக்கப்பைத் திருப்பிக் கொடுத்தபோது பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார்.

"பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாதுங்கிறோம். அது பொறக்கும்போதே அஞ்சாமயா இருந்திருக்கும்? பனங்காட்டுலயே கிடந்து கிடந்து பழகியிருக்கும். உங்க அக்காவுக்கு அந்தப் போலீஸ் வண்டியில பயமில்லைல்ல? அதுலயே ஓட்டட்டும். பின்னாடி நாம ஹாரன் அடிப்போம்."

"போலீஸ் வண்டிக்கு எவன் ஹாரன் அடிப்பான்?"

"என் பிக்கப் அடிக்கும். ஆனா நீங்க அக்கா பக்கத்துல இருக்கணும். நான் ஓட்டுவேன். சரியா எப்ப அடிக்கணும், எப்ப விடணும்னு அவங்களைத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் என் பக்கத்துல வேணும்."

மனைவி மறுத்தாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே மறுத்தாள்.

"அவன் பண்ணதை நானும் பண்ணணுமா? என் அக்காவுக்கு?"

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அடிடி. நீ அடிச்சாத்தான் நான் ஓட மாட்டேன்."

மனைவி குழாயை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

மறுநாள் கிளம்பினார்கள். முன்னால் வெள்ளைக் கார். அக்கா ஓட்டினார், பக்கத்தில் மாஸ்டர். பின்னால் பிக்கப். பட்டறைக்காரர் ஓட்டினார், மனைவியின் விரல் ஹாரன்மேல்.

முதல் ஹாரன் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி வந்தது. அக்காவின் தோள்கள் காதுவரை ஏறின. கார் ஆடியது. மாஸ்டர் பிரேக்கைத் தொட்டார்.

"யாரு அது?" என்றார் மாஸ்டர்.

"அவதான்."

"அவ என்ன பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ண மாட்டா. பாவம்."

"அப்ப ஓட்டுங்க."

ஓட்டினார். இரண்டாவது ஹாரன். மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் கால் எழுந்தது, எழுந்து மறுபடி உட்கார்ந்தது. "அவதான், அவதான்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். சாலையோரத்தில் நடந்தவர்கள் நின்று பார்த்தார்கள். போலீஸ் வண்டியை ஒரு ஓட்டைப் பிக்கப் துரத்தி ஹாரன் அடிப்பதை அவர்கள் இதற்கு முன் பார்த்ததில்லை. ஒருவர் கைதட்டினார்.

பின்னால் மனைவிக்குக் கை பழகிவிட்டது. பாலத்தில் ஏறியபோது அடித்த ஹாரன் பாலம் முடியும்வரை நிற்கவில்லை.

"அம்மா, விரலை எடுங்க," என்றார் பட்டறைக்காரர். "பேட்டரி இறங்கிடும்."

"எத்தனை வருஷம் அண்ணே. வீட்டுல ஒரு தடவை கூட நான் சத்தம் போட்டதில்ல."

"அதுக்கு?"

"கொஞ்சம் இருங்க." மறுபடி அழுத்தினாள்.

பாலத்து இறக்கத்தில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டிப் பிக்கப்பை நிறுத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"யாரு வண்டிக்குப் பின்னாடி ஹாரன் அடிக்கிறீங்க, தெரியுதா?"

"எங்க அக்கா வண்டிக்கு," என்றாள் மனைவி.

போலீஸ்காரர் முன்னால் போன காரைப் பார்த்தார். குரல் இறங்கியது. "அக்கா எந்த ஸ்டேஷன்மா?"

"ஆஸ்பத்திரி சலவை."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பட்டறைக்காரர் கியரைப் போட்டார். முன்னால் வெள்ளைக் கார் ஓரமாக நின்று காத்திருந்தது. நிறுத்தச் சொன்னது மாஸ்டர் இல்லை. அக்கா கண்ணாடியில் பார்த்துத் தானாக ஒதுக்கியிருந்தார். பிக்கப் நெருங்கியதும் கிளம்பினார்.

அன்று மாலை மூவரும் களைத்துப்போய்க் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டருக்குக் காது இரைந்தது.

"அந்தப் பாலத்து ஹாரன் எதுக்குடி?" என்றார் அக்கா. "நான் சரியாத்தானே போனேன்."

"நீ சரியாத்தான் போன." மனைவி தயங்கினாள். "அது என் நீலப் புடவைக்கு."

"எந்தப் புடவை?"

"வெள்ளையோட சேர்த்துத் துவைச்சியே. சலவைக்காரிக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியும்? அன்னைக்குப் பரவால்லக்கான்னு சொன்னேன். பரவா இருந்துச்சு."

அக்கா அவளையே பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கியது. மனைவியும் சிரித்தாள். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் முதல் சண்டை. எந்தத் தட்டை யார் உடைத்தது என்பதுவரை போனது. நடுவிலேயே அவர் தூங்கிவிட்டார்.

தேர்வு நாள்வரை தினமும் ஹாரன் அடித்தார்கள். எல்லாம் சரியாகிவிடவில்லை. தங்கையின் ஹாரன் பழகியது. ஊரின் ஹாரன் பழகியதா என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அதைத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

தேர்வு அலுவலக வாசலில் மற்ற பள்ளிகளின் மாஸ்டர்கள் டீக்கடையோரம் நின்றிருந்தார்கள்.

"வாங்க போலீஸ் மாஸ்டர். இன்னைக்கு யாரைப் பிடிச்சுட்டு வந்திருக்கீங்க?"

மாஸ்டர் ஒரு டீ வாங்கிக்கொண்டார். அக்கா இஸ்திரி போட்ட சேலையில் வந்திருந்தார். தேர்வு அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மறுபடியுமாம்மா?"

"மறுபடியும்தான் சார்."

"இன்னைக்காவது இறங்கி ஓடாதீங்க."

சின்னக் கார் கிளம்பியது. வாசலில் இருந்து பார்த்தால் சாலை வளைவுவரைதான் தெரியும். அதற்கு அப்பால் சந்தை முக்கு. மாஸ்டர் டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தைப் பக்கம் ஹாரன்கள் எழுந்தன. அங்கே எப்போதும் இருக்கும் சத்தம்தான் என்று நினைக்கப் பார்த்தார். சத்தம் கூடியது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே அலறலாக நீண்டது. டீக்கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க கைதி தப்பிச்சுட்டாங்க போல மாஸ்டர்," என்றான் ஒருவன்.

மற்ற தேர்வுக் கார்கள் போய்விட்டுத் திரும்பி வந்தன. அக்கா வரவில்லை. மாஸ்டரின் கண்முன் மூடிய கடைகளின் படிகளாக வந்தன. எந்தப் படியில் உட்கார்ந்திருப்பார்? போய் என்ன சொல்வது? டீயில் ஆடை படிந்திருந்தது.

கடைசியில் சின்னக் கார் வளைவில் தெரிந்தது. அதிகாரி ஓட்டிக்கொண்டு வருகிறாரா என்றுதான் முதலில் பார்த்தார். இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அக்கா இருந்தார். கார் ஊர்ந்து வந்து வாசலில், நுழையும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அதிகாரி இறங்கினார். காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார்.

"முக்குல வண்டி அணைஞ்சுபோச்சு. திரும்ப எடுத்தாங்க, மறுபடி அணைஞ்சுது. பின்னாடி ஊரே ஹாரன் அடிக்குது. ஒருத்தன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுறான். நான் காதைப் பொத்திக்கிட்டேன் மாஸ்டர். இவங்க பொத்தல. கியரை எடுத்து, கண்ணாடியைப் பார்த்து, வழி வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. அந்த ஆளுகிட்ட 'இருப்பா'ன்னாங்க."

"அப்ப சார்?"

"ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு மார்க் குறைச்சிருக்கேன்." பேனாவைப் பைக்குள் செருகினார். "பாஸ். நீங்க முதல்ல அந்த வண்டியை வித்துத் தொலைங்க."

அவர் உள்ளே போனார். மாஸ்டர் காரிடம் போனார். அக்கா இறங்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேலை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, முடிஞ்சுது. இறங்குங்க."

"காலு இன்னும் என்கிட்ட வரல தம்பி. கொஞ்சம் இருக்கட்டும்."

உள்ளே வரவேண்டிய ஒரு வேன் பின்னால் வந்து நின்றது. ஓட்டியவன் வழியைப் பார்த்தான், காரைப் பார்த்தான். ஹாரன் அடித்தான். விட்டுவிட்டு மறுபடி, நீளமாக அடித்தான். மாஸ்டருக்கே உடம்பு தூக்கிப்போட்டது. கதவைத் திறக்கக் கையை நீட்டினார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கையை வெளியே நீட்டினார். வெந்து சிவந்த கை, விரல்கள் விரிந்து, உள்ளங்கை பின்பக்கம் பார்க்க. இரு என்றது அது.

அவன் இன்னொரு முறை அடித்தான். கை அப்படியே இருந்தது.